ஒரே அரிசி, ராஜ்யத்துக்கு ஒரு சட்டம்

(காரமடையில் மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பகல் ஷிப்டு முடிந்து நேராக இங்கே வந்திருக்கிறீர்கள். தோட்டத்தில் கறிவேப்பிலை அறுத்துக் கட்டுக் கட்டிப் போட்டுவிட்டு, கை கழுவக்கூட நேரமில்லாமல் வந்த தாய்மார்களும் இருக்கிறார்கள். ஆகவே வளர்த்திப் பேசப் போவதில்லை. உங்கள் அடுப்பங்கரையில் அன்றாடம் வேகிற அரிசியைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பாட்டியம்மாள். அவருக்கும் முன்னால் ஒரு பையன்; இருபது வயதுதான் இருக்கும். ஒடிசாவில் கலகண்டி ஜில்லாவிலிருந்து வந்து, ஒரு நூல் மில்லில் ரிங் பிரேமில் வேலை செய்கிறான். விற்பனையாளர் மெஷினில் அவன் விரலை வைக்கச் சொன்னார். மெஷின் ஏதோ கூவிற்று. “உனக்கு 5 கிலோ அரிசி மட்டும்தான். பருப்பு, எண்ணெய் கிடையாது” என்றார். பையனுக்குப் பாஷை விளங்கவில்லை. முன்னால் போனவர் பையில் பருப்பு இருக்கிறது, எண்ணெய் இருக்கிறது. தனக்கு ஏன் இல்லை என்று கையைக் காட்டிக் கேட்கிறான்.

பாட்டியம்மாள் என் பக்கம் திரும்பினார். “ஏனுங் தம்பி, அவனுந்தான் மில்லுக்குப் போறான், எம் பேத்தியும் மில்லுக்குப் போறா. அரிசி ஒரே குடோன்ல இருந்துதானுங்களே வருது? அவனுக்கு மட்டும் ஏனுங் இப்பிடி?” என்று கேட்டார்.

நான் படித்த புத்தகம் எதிலும் இவ்வளவு நேராகக் கேட்ட கேள்வியைப் பார்த்ததில்லை. அந்தப் பாட்டியம்மாளுக்கு வரிசையில் நின்றுகொண்டு பதில் சொல்ல முடியவில்லை. இன்று சொல்லப் பார்க்கிறேன்.

ரேஷன் எப்படி வந்தது?

ரேஷன் என்பது எந்த மகாராஜனும் மனமிரங்கிக் கொடுத்த தானமல்ல. இரண்டாவது உலக யுத்த காலத்தில், பட்டாளத்துக்குத் தானியம் போக, நகரங்களில் அரிசி கிடைக்காமல் ஜனங்கள் கொதித்தபோது, வெள்ளைக்கார சர்க்கார் வேறு வழியின்றிக் கொண்டுவந்தது. 1943-ல் வங்காளத்தில் லட்சக்கணக்கான ஜனங்கள் பசியால் மாண்டார்கள். அதன் பிறகு ரேஷன் மற்ற நகரங்களுக்கும் பரவிற்று.

சுதந்திரம் வந்தது. 1952-ல் சென்னை ராஜ்யத்தில் ராஜாஜி மந்திரிசபை அரிசிக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டது. ஆனால் பசியைக் கட்டுப்பாட்டோடு சேர்த்து எடுத்துவிட முடியுமா? அறுபதுகளில் மறுபடி பஞ்சம் தலைகாட்டியது. 1965-ல், நமது பொள்ளாச்சிப் பக்கத்துக்காரரான சி. சுப்பிரமணியம் மத்திய உணவு மந்திரியாக இருந்தபோது, இந்திய உணவுக் கழகம் தஞ்சாவூரில் தொடங்கப்பட்டது. 1967-ல் ஆட்சி மாறியது. ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்ற திட்டம் சென்னையிலும் நமது கோவையிலும் ஆரம்பமாயிற்று. பணம் போதவில்லை என்று அது மேலே பரவவில்லை. ஆனாலும் ஒன்று நிலைத்துவிட்டது: அரிசி விலை சர்க்காரின் பொறுப்பு என்பதைத் தமிழ்நாட்டு ஜனங்கள் பிடித்துக்கொண்டார்கள், அதன்பின் விடவில்லை. 1972-ல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் ஏற்பட்டது. கூட்டுறவுச் சங்கங்கள் ஊர் ஊராகக் கடை திறந்தன. பல வடராஜ்யங்களில் ரேஷன் கடை தனி வியாபாரியின் கையில் இருந்தது; இங்கே இல்லை. இந்த வித்தியாசத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1997: கோடு கிழித்த வருஷம்

1991-ல் ‘சீர்திருத்தம்’ என்ற சொல் வந்தது. சீர்திருத்தம் என்றால் நமக்கு விதவை மறுமணம் ஞாபகம் வரும், தீண்டாமை ஒழிப்பு ஞாபகம் வரும். இந்தச் சீர்திருத்தம் வேறு ஜாதி. சர்க்கார் செலவைக் குறைக்க வேண்டும்; மான்யத்தை வெட்ட வேண்டும்; ‘உண்மையான ஏழை’க்கு மட்டும் கொடுத்தால் போதும் என்பதே அதன் சாரம்.

1997 ஜூனில் மத்திய சர்க்கார் ஒரு கோடு கிழித்தது. கோட்டுக்குக் கீழே இருப்பவனுக்கு ஒரு விலை. மேலே இருப்பவனுக்கு வேறு விலை. கீழே இருக்கும் குடும்பத்துக்கு மாதம் 10 கிலோ. ஐந்து பேர் உள்ள வீட்டில் 10 கிலோ எத்தனை நாளைக்கு வரும்? தாய்மார்களைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார்கள்.

கோட்டை எப்படிக் கிழித்தார்கள் என்று பாருங்கள். பம்பாயில் தாராவி என்றொரு பேட்டை. லட்சக்கணக்கான ஏழைகள் வாழுமிடம். நம் திருநெல்வேலிக்காரர்கள் தோல் பதனிடப் போய்க் குடியேறிய இடம். மகாராஷ்டிரத்தில் வருஷ வருமானம் 15,000 ரூபாய்க்குள் இருந்தால்தான் ஏழை என்றார்கள். அந்தக் கணக்குப்படி தாராவி முழுவதிலும் ஆரம்பத்தில் 151 குடும்பங்களுக்குத்தான் ஏழைக் கார்டு கிடைத்தது! மற்றவர்களெல்லாம் சீமான்கள் என்று அர்த்தமா?

கேரளத்தைப் பாருங்கள். அநேகமாக எல்லோருக்கும் ரேஷன் கொடுத்துவந்த ராஜ்யம் அது. நெல்லை விட்டுத் தேயிலையும் ரப்பரும் தேங்காயும் விளைவித்து நாட்டுக்கு அன்னியச் செலாவணி சம்பாதித்துக் கொடுத்தது. அதற்குப் பதிலாகத்தான் மத்தியத் தொகுப்பிலிருந்து அரிசி வந்தது. 1997-ல் மத்தியத் திட்டக் கமிஷன், உங்கள் ராஜ்யத்தில் 100-க்கு 25 பேர்தான் ஏழைகள் என்று கணக்கு எழுதிக் கொடுத்தது. மற்றவர்களுக்கு விலை ஏறிற்று. 2000-ல் கோட்டுக்கு மேலே இருப்பவர்கள் முழு அடக்க விலையையும் கொடுக்க வேண்டும் என்று பட்ஜெட் சொன்னது. கடை விலையும் வெளி விலையும் ஒன்றானால் யார் ரேஷன் கடைக்கு வருவார்கள்? கூட்டம் குறைந்தது, வியாபாரம் படுத்தது, கடைகள் பல மூடப்பட்டன. பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் நடந்த கதை இது.

வாங்க ஆளில்லாமல் குடோனில் தானியம் குவிந்தது. 2002 ஜூலையில் மத்தியக் குடோன்களில் சுமார் 6.3 கோடி டன். எலி தின்றது, மழையில் நனைந்தது, ஜனங்கள் பட்டினி கிடந்தார்கள். ராஜஸ்தானில் நிரம்பி வழிந்த குடோன்களைப் பார்த்து மனம் பொறுக்காமல், சிவில் உரிமைக்கான மக்கள் சங்கம் 2001-ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. அந்த ஆண்டு நவம்பர் 28-ல் கோர்ட் போட்ட உத்தரவால்தான், பள்ளிக்கூடத்தில் சமைத்த மதியச் சோறு தேசம் முழுவதற்கும் கட்டாயமாயிற்று. தமிழ்நாட்டுக் குழந்தைகள் அதைப் பல வருஷம் முன்பே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

தமிழ்நாட்டில் கோடு ஏன் நிற்கவில்லை?

தமிழ்நாடு அந்தக் கோட்டை ஏற்கவில்லை. மத்திய சர்க்கார் கொடுத்த தானியத்தோடு தன் கஜானாப் பணத்தையும் போட்டு எல்லாக் கார்டுக்கும் ஒரே விலையில் கொடுத்தது.

இதற்கு எந்தக் கட்சி மந்திரிசபைக்கும் தனியாக மாலை போட வேண்டியதில்லை. கோடு கிழிக்க இங்கேயும் முயற்சி நடந்தது. மாத வருமானம் 5,000 ரூபாய்க்கு மேலே உள்ள குடும்பங்களின் கார்டில் ‘எச்’ முத்திரை குத்தினார்களே, ஞாபகம் இருக்கிறதா? முத்திரை விழுந்த கார்டுக்கு அரிசி கிடையாது. மில்லில் நிரந்தர வேலையில் இருந்தவன், பஞ்சப்படி சேர்த்து 5,000-த்தைத் தாண்டியவன், ஒரே நாளில் பணக்காரனாகிவிட்டான்! தெருவுக்குத் தெரு புகைச்சல். 2004 நாடாளுமன்றத் தேர்தலில் ஆளும் கட்சி அடியோடு தோற்றது. உடனே முத்திரை ரத்தாயிற்று. கோட்டை அழித்தது உங்கள் ஓட்டு.

பிறகு 2006-ல் கிலோ 2 ரூபாய், 2008-ல் 1 ரூபாய், 2011 ஜூன் முதல் விலையில்லை. இடையே 2007-ல் பருப்பும் பாமாயிலும் சேர்ந்தன. ஒரு கட்சி 2 ரூபாய் என்றால் மறு கட்சி அதற்கும் கீழே இறங்க வேண்டியிருந்தது. எல்லோர் கையிலும் கார்டு இருந்ததால்தான் அதை வெட்ட யாருக்கும் துணிவில்லை. ஏழைக்கு மட்டும் ஒரு கடை வைத்தால் அந்தக் கடை ஏழையைப் போலவே கேட்பாரற்றுப் போகும். வாத்தியாரும் குமாஸ்தாவும் மில் தொழிலாளியும் ஒரே வரிசையில் நின்றால், எடை குறைந்தால் கேட்க நாலு வாய் இருக்கும்.

இங்கே எல்லாம் ஒழுங்கு என்று நான் சொல்லவில்லை. வாளையாறு வழியாக அரிசி கடத்தல் நடப்பதை அறியாதவர் இந்தக் கூட்டத்தில் உண்டா? எடைக் குறைவும், ‘ஸ்டாக் இல்லை, நாளைக்கு வா’ என்ற பேச்சும் உங்களுக்குப் பழக்கம். ஆனால் ‘உன் பேர் லிஸ்டில் இல்லை’ என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பி வருவது வேறு. அது சோற்றை மட்டுமல்ல, மனுஷனையே இல்லையென்று சொல்வது.

2013 சட்டமும் 100-க்கு 62-ம்

2013-ல் நாடாளுமன்றம் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. நல்ல சட்டம்தான், அரிசியைச் சலுகையாக இல்லாமல் உரிமையாக எழுதிற்று. முன்னுரிமைக் கார்டில் தலைக்கு மாதம் 5 கிலோ; அந்தியோதயா குடும்பத்துக்கு 35 கிலோ. ஆனால் அதிலும் ஒரு கோடு இருக்கிறது. தேசம் முழுவதும் கிராமத்தில் 100-க்கு 75 பேர், நகரத்தில் 100-க்கு 50 பேர் என்று வைத்து, அதை ராஜ்யத்துக்கு ராஜ்யம் பிரித்தார்கள்.

பிரித்த கணக்கு இது: ஜார்க்கண்டில் கிராமத்தில் 100-க்கு 86 பேர், பீகாரில் 85, ஒடிசாவில் 82. தமிழ்நாட்டில் 62.55, கேரளத்தில் 52.63. நகரத்தில் நமக்கு 37.79 தான். எது நல்ல முறையில் நடத்தியதோ அந்த ராஜ்யத்துக்குப் பங்கு குறைவு! தமிழ்நாடும் கேரளமும் கடைசி வரை தயங்கி நின்று, 2016 நவம்பரில்தான் சட்டத்துக்குள் வந்தன.

அதனால் இன்று தமிழ்நாட்டு ரேஷன் கடையில் ஒரு மூட்டை அரிசிக்குள் இரண்டு கணக்கு இருக்கிறது. முன்னுரிமைக் கார்டுக்கு மத்திய சட்டப்படி. முன்னுரிமையில்லாத கார்டுக்கு 20 கிலோ வரை ராஜ்யத்தின் கைக்காசில். 2017 ஜூலையில் முன்னுரிமைக்கு யார் யார் தகுதியில்லாதவர் என்று ஒரு கெஜட் வந்தது. வருஷ வருமானம் ஒரு லட்சத்துக்கு மேல் உள்ளவர், ஐந்து ஏக்கருக்கு மேல் நிலம் உள்ளவர், வீட்டில் ஏ.சி. உள்ளவர் என்று பட்டியல் நீண்டது. ஜனங்கள் பதறினார்கள். எல்லோருக்கும் அரிசி தொடரும் என்று மந்திரிகள் வாக்குக் கொடுத்தார்கள். வாக்கு நின்றது. ஆனால் அந்தப் பட்டியல் கெஜட்டில் ஏறிவிட்டது. கஜானாவில் முடை வந்தால் முதலில் தூசி தட்டப்படுவது அதுவாகத்தான் இருக்கும். உங்கள் கார்டில் எந்த எழுத்து இருக்கிறது என்று வீட்டுக்குப் போனதும் எடுத்துப் பாருங்கள்.

இன்னொரு விஷயம். இந்த 100-க்கு இத்தனை என்ற கணக்கு 2011 ஜனத்தொகையை வைத்துப் போட்டது. 2021-ல் எடுக்க வேண்டிய ஜனத்தொகைக் கணக்கு எடுக்கப்படவில்லை, 2027-க்குப் போய்விட்டது. 2011-க்குப் பின் பிறந்த குழந்தைகள், மணமாகிப் புதுக்குடித்தனம் வைத்தவர்கள், கூடிய ஜனங்கள் எல்லோரும் பழைய கட்டிலில்தான் படுக்க வேண்டும். ஒருவன் ஏறினால் ஒருவன் விழ வேண்டும்.

விரலுக்கும் வயிற்றுக்கும் நடுவே

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இப்போது பூசாரிக்குப் பதில் மெஷின்.

2017-ல் ரேஷனுக்கு ஆதார் கட்டாயம் என்ற உத்தரவு வந்தது. ஜார்க்கண்டில் அதைக் கண்ணை மூடிக்கொண்டு அமல் செய்தார்கள். ஆதாரோடு சேராத கார்டுகள் ரத்தாயின. அந்த ஆண்டு செப்டம்பரில் சிம்டேகா ஜில்லாவில் 11 வயதுப் பெண் குழந்தை ஒன்று, வீட்டில் பல நாள் சமையல் இல்லாமல், சோறு சோறு என்று கேட்டுக்கொண்டே உயிரை விட்டது என்று தாய் சொன்னாள். நோயால் இறந்தது என்று அதிகாரிகள் சொன்னார்கள். நோயென்றே வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் அரிசி இல்லை என்பதை யாராலும் மறுக்க முடிந்ததா? சட்டப்படி 100-க்கு 86 பேருக்கு உரிமை உள்ள ராஜ்யம் அது. பங்கு பெரிதாக இருந்தும் பங்கை வாங்கிக் கொடுக்க ஊரில் கை இல்லை.

இங்கேயும் அந்த மெஷின் இருக்கிறது. அன்று வரிசையில் நின்ற பாட்டியம்மாள் விரலை வைத்தார். எடுக்கவில்லை. துடைத்து வைத்தார். எடுக்கவில்லை. “மம்பட்டி புடிச்ச கைங் கண்ணு, ரேகையெல்லாம் தோட்டத்துலயே போயிருச்சு” என்று சிரித்தார். பின்னால் நின்ற நாலு பெண்கள் குரல் கொடுத்தார்கள்: “அவிகள எங்க எல்லாருக்குந் தெரியுமுங், நோட்டுல எழுதிட்டுக் குடுங்க.” விற்பனையாளர் எழுதிக்கொண்டு கொடுத்தார். அந்த நாலு பெண்கள் சிம்டேகாவில் இருந்திருந்தால்! 70 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் வீட்டுக்கே சாமான் கொண்டுபோய்த் தரும் திட்டம் 2025 ஆகஸ்டில் இங்கே துவங்கியது. நமது தெருவில் யாருக்காவது அது விட்டுப்போயிருந்தால் கேட்டு வாங்குவது நம் கடமை.

கலகண்டிப் பையனுக்கு என்ன பதில்?

இப்போது அந்தப் பையனிடம் வருவோம். முன்பெல்லாம் ரேஷன் கார்டு ஊரோடு கட்டிப்போட்டது. கலகண்டியில் கார்டு; காரமடையில் வயிறு. 2020 மார்ச்சில் கொரானாவுக்காக ஊரடங்கு போட்டபோது, லட்சோபலட்சம் தொழிலாளிகள் ரயிலும் பஸ்ஸும் இல்லாமல் நடந்தே ஊருக்குப் போனார்கள். வேலை பார்த்த ஊரில் ஒரு கிலோ அரிசிக்குக்கூட உரிமையில்லை என்பது அந்த நடைக்கு ஒரு பெரிய காரணம். அதன் பிறகுதான் ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு என்ற ஏற்பாடு வேகம் பிடித்தது. தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. 2021 ஜூன் 29-ல் சுப்ரீம் கோர்ட் எல்லா ராஜ்யங்களுக்கும் கெடு வைத்தது. 2022-ல் கடைசியாக அஸ்ஸாமும் வந்து சேர்ந்தது.

இதன்படி மத்திய சட்டம் கொடுக்கும் 5 கிலோ அவனோடு நடந்து வரும். ஊரில் தாய் தன் பங்கை வாங்கலாம். மகன் தன் பங்கை இங்கே வாங்கலாம். ஆனால் ராஜ்யம் தன் காசில் கொடுப்பது எல்லையோடு நின்றுவிடும். நம் பருப்பும் எண்ணெயும் அவனுக்கு இல்லை. கார்டில் பேரே ஏறாதவன் என்றால் இந்த 5 கிலோவும் இல்லை. ஒடிசாவில் விட்டுப்போனவர்களுக்காக அந்த ராஜ்யம் 2018-ல் தனித் திட்டம் போட்டது. ஆனால் ராஜ்யத் திட்டத்துக் கார்டு எல்லையைத் தாண்டாது.

பாட்டியம்மாள் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்: அரிசி ஒரே குடோனிலிருந்து வருகிறது, உரிமை இரண்டு கஜானாவிலிருந்து வருகிறது.

இந்தக் கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு இருப்பது எனக்குத் தெரியும். “வடக்கத்திக்காரன் வந்து நம் கூலியைக் கெடுக்கிறான், அவனுக்கு நம் ரேஷன் வேறு வேணுமா?” என்று. மனம்விட்டுப் பேசுவோம். கூலியைக் குறைப்பது யார்? அவன் 12 மணி நேரம் நிற்கச் சம்மதிப்பது உடம்பு இரும்பு என்பதாலா? ஊரில் பிடிமானம் இல்லை. திரும்பிப் போனால் அடுப்பு எரியாது. பிடிமானம் இல்லாதவன் எந்தக் கூலிக்கும் தலையாட்டுவான். அவன் ஊரில் நல்ல ரேஷன் இருந்தால், அவனும் உங்களைப் போல, “இந்தக் கூலிக்கு வர மாட்டேன்” என்று சொல்லத் துணிவான். அவன் வீட்டு அரிசிப் பானை நிறைந்தால் உங்கள் கூலி ஏறும். இது தர்மோபதேசம் அல்ல, கணக்கு.

பென்ஷனிலும் இதே கதை

வயோதிகருக்குப் பென்ஷன் கொடுக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு 1962-ல் மாதம் 20 ரூபாயில் ஆரம்பித்தது. மத்திய சர்க்கார் 1995 ஆகஸ்டு 15-ல்தான், 75 ரூபாயோடு வந்தது. பிறகு அது 200 ஆயிற்று. 80 வயதுக்கு மேல் 500. அந்த 200 ரூபாய் 2007-லும் 200 தான். 2025-லும் 200 தான். டீ விலை ஏறிற்று. பஸ் கட்டணம் ஏறிற்று. கிழவியின் 200 மட்டும் ஆணி அடித்தாற்போல் நின்றது.

மத்திய சர்க்கார் நகராததால் ராஜ்யங்கள் தங்களால் ஆனதைச் சேர்த்தன. தமிழ்நாடு 2023 ஆகஸ்டில் 1,200 ஆக்கிற்று. ஆந்திரம் 2024 ஜூலையில் 4,000 ஆக்கிற்று. கேரளம் 1,600-ல் இருந்து 2025 நவம்பரில் 2,000 ஆக்கிற்று. பீகாரில் பல வருஷம் 400 தான். சட்டசபைத் தேர்தல் வந்த 2025-ல் ஒரே தாவலாக 1,100 ஆயிற்று. ஓட்டு வந்ததும் கஜானா திறந்துகொண்ட வேகத்தைப் பார்த்தீர்களா? பணம் இல்லை என்று அதுவரை சொன்னது எவ்வளவு உண்மை என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கிழவிக்குப் பசி எல்லா ராஜ்யத்திலும் ஒன்றுதான். ஆனால் ஆந்திரத்துக் கிழவிக்கு 4,000; தமிழ்நாட்டுக் கிழவிக்கு 1,200. அதுவும் ஆதரவற்றவர் என்று காட்டினால். மகன் இருக்கிறான் என்பதே சிலருக்குக் குற்றமாகிவிடுகிறது. அந்த மகன் கஞ்சி ஊற்றுகிறானா என்று யாரும் விசாரிப்பதில்லை.

அமெரிக்காவிலும் அதே மந்திரம்

இது நம் நாட்டுக்கு மட்டும் வந்த வியாதி என்று நினைக்காதீர்கள். உலகத்திலேயே பணக்கார தேசமான அமெரிக்காவில், நமக்கு ஒரு வருஷம் முன்னால், 1996 ஆகஸ்டில், ஜனாதிபதி கிளிண்டன் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அதற்கும் பேர் சீர்திருத்தம்தான். அதுவரை குழந்தைகளோடு கஷ்டப்படும் ஏழைக் குடும்பத்துக்கு மத்திய சட்டப்படி பண உதவி பெறும் உரிமை இருந்தது. புதிய சட்டம் உரிமையை எடுத்துவிட்டு, ராஜ்யங்களுக்கு மொத்தமாக ஒரு தொகை கொடுத்தது. வருஷத்துக்குச் சுமார் 1,650 கோடி டாலர். விதிகளை நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள் என்றது. ஆயுள் முழுவதற்கும் மொத்தம் 60 மாதம்தான் உதவி என்ற கெடுவும் வந்தது. அரிசோனா அதை 12 மாதமாகக் குறைத்துக்கொண்டது.

என்ன ஆயிற்று? விலைவாசி ஏறிற்று, அந்த மொத்தத் தொகை ஏறவில்லை. 1996-ல் 100 ஏழைக் குடும்பங்களில் 68-க்கு உதவி கிடைத்தது, 2020-ல் 21-க்குத்தான். மிசிசிப்பி ராஜ்யத்தில் மூன்று பேர் குடும்பத்துக்கு 2021 வரை மாதம் அதிகபட்சம் 170 டாலர். அதே மிசிசிப்பியில் ஏழைகளுக்கென்று வந்த பணத்திலிருந்து சுமார் 50 லட்சம் டாலர் ஒரு பல்கலைக்கழகத்தின் வாலிபால் அரங்கத்துக்குப் போயிற்று என்று 2020-ல் ராஜ்யத்தின் தணிக்கை அதிகாரியே அம்பலப்படுத்தினார். ஏழைத் தாயின் பாலில் பணக்காரப் பிள்ளைகள் பந்து ஆடியதைப் போல!

கவனியுங்கள். ராஜ்யத்துக்கு அதிகாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தமிழ்நாட்டுக்கு அதிகாரம் இருந்ததால்தான் நாம் கோட்டை அழித்தோம். உரிமையைக் கீழே இறக்கிவிட்டு, பணத்தை மேலேயே பூட்டி வைப்பதுதான் வஞ்சகம். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

நூறு நாள் வேலையின் பாடம்

நூறு நாள் வேலைச் சட்டம் 2005-ல் வந்தது. கூலி முழுவதும் மத்திய சர்க்கார் பொறுப்பு. அதிலும் கூலி ராஜ்யத்துக்கு ராஜ்யம் வேறு: 2025-26-ல் ஹரியானாவில் 400 ரூபாய், கேரளத்தில் 369, நமக்கு 336, பீகாரில் 255, நாகாலாந்தில் 241. இருந்தாலும் கேட்டவருக்கு வேலை என்பது சட்டத்தில் இருந்தது.

2025 டிசம்பரில் அதன் இடத்தில் வேறு சட்டம் நிறைவேறியது. 125 நாள் என்று எழுதியிருக்கிறது, காதுக்கு இனிமை. ஆனால் செலவில் 100-க்கு 40 பெரும்பாலான ராஜ்யங்களின் தலையில் விழுகிறது. விதைப்பும் அறுவடையும் மும்முரமாக நடக்கும் காலத்தில் 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கலாம். அந்தக் காலத்தில்தானே தோட்டத்துக்காரரிடம் கூலி பேசும் பலம் உங்களுக்கு வேண்டும்? கையில் பணமுள்ள ராஜ்யம் 40-ஐப் போடும். இல்லாத ராஜ்யம் கையை விரிக்கும். கலகண்டியில் கை விரித்தால் அடுத்த ரயிலில் இன்னும் நூறு பையன்கள் கோவையில் வந்து இறங்குவார்கள். 1996-ல் அமெரிக்காவில் நடந்ததும் 1997-ல் ரேஷனில் நடந்ததும் நமக்கு முன்னால் இருக்கும் பாடங்கள்.

நாம் செய்ய வேண்டியது

தோழர்களே, பேச்சு போதும், வேலையைச் சொல்கிறேன்.

முதலாவது: தெருவுக்கு இரண்டு பேர் சேர்ந்து வீடு வீடாகக் கார்டுகளைப் பாருங்கள். முன்னுரிமை எழுத்து யாருக்கு இருக்கிறது, கைம்பெண் குடும்பத்துக்கும் நிலமற்றவர் குடும்பத்துக்கும் அந்தியோதயா கிடைத்திருக்கிறதா, பிறந்த குழந்தையின் பேர் ஏறியிருக்கிறதா என்று ஒரு நோட்டில் எழுதுங்கள்.

இரண்டாவது: விரல் எடுக்காத முதியவர்களின் பட்டியல் தனியாக வேண்டும். ஒருவரும் வெறும் பையோடு திரும்பக் கூடாது. சட்டப்படி தர வேண்டிய தானியம் தராவிட்டால் அதற்கு ஈடாகப் பணம் தர வேண்டும் என்று 2013 சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. புகாரைக் கேட்க ஜில்லாவுக்கு ஒரு அதிகாரியும் உண்டு. போனில் சொல்ல 1967 என்ற எண் இருக்கிறது. ரூபாய்க்கு ஒரு படி வந்த வருஷமும் அதுதான், மறக்காது.

மூன்றாவது: கிராம சபையில் ரேஷன் கடைக் கணக்கை வைக்கச் சொல்லிக் கேளுங்கள். சமூகத் தணிக்கை அந்தச் சட்டம் நமக்குக் கொடுத்த உரிமை. மே 1-ந் தேதியும் கிராம சபை நாள்தான். அதைவிடப் பொருத்தமான நாள் எது?

நான்காவது, எல்லாவற்றையும்விட முக்கியமானது: மில் ஹாஸ்டல்களில் இருக்கும் வெளி ராஜ்யத் தொழிலாளிகளைச் சந்தியுங்கள். ஊரில் கார்டு இருக்கிறதா, அதில் பேர் இருக்கிறதா என்று கேளுங்கள். கடைக்கு ஒருநாள் கூடவே போங்கள். பாஷை தெரியாதவனுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நின்றாலே பாதி வேலை முடிந்தது.

அன்று அந்தக் கடையில் கடைசியாக என்ன நடந்தது என்று சொல்லி முடிக்கிறேன். பையன் 5 கிலோ அரிசியோடு வெளியே வந்து, படியோரம் நின்றான். பாட்டியம்மாள் தன் சாமான்களை வாங்கிக்கொண்டு வந்தார். அவனைப் பார்த்தார். பருப்புப் பொட்டலத்தைப் பிரித்து, முந்தானையில் கொஞ்சம் கொட்டிக்கொண்டு, மீதியை அவன் பையில் போட்டார். “வெறுஞ்சோத்த எப்பிடித் திம்பான் கண்ணு” என்றார். அவ்வளவுதான்.

அந்தத் தாயின் மனசு பெரிது. ஆனால் அவர் தன் பங்கில் பாதியைக் கொடுத்தார். கொடுத்தால் அவருக்குக் குறையும். சட்டத்தில் அவன் பங்கும் எழுதப்பட்டால் யாருக்கும் குறையாது. ஏழை ஏழைக்குப் பிட்டுக் கொடுத்துக்கொண்டே இருப்பதற்காகவா 6 கோடி டன் குடோனில் கிடந்தது?

எந்த ராஜ்யத்தில் பிறந்தாலும், எந்த ஊரில் வேலை செய்தாலும், குறையாத ஒரு பங்கு. அதற்கு மேல் ராஜ்யம் கொடுப்பது அதன் பெருமை. அதற்குக் கீழே போகக் கூடாது. இதைத்தான் நாம் கேட்கிறோம். ‘எச்’ முத்திரையை அழித்த கைகள் இந்தக் கூட்டத்தில் இருக்கின்றன. இந்தக் கோட்டையும் அந்தக் கைகள் அழிக்கும்.